அடைகாக்கும் ஃபிஞ்ச் இணைக்கு இன்னும் நார் வைக்கலாமா?

கேள்வி (ஜெலுத்தோங், பினாங்கு): எங்கள் அடுக்குமாடி வீட்டில் வளரும் சீப்ரா ஃபிஞ்ச் (சிறு கூண்டுப் பறவை) இணை 5 முட்டைகளை இட்டு, 9 நாள்களாக மாறி மாறி அடைகாக்கிறது. கூண்டில் தேங்காய் நாரை இன்னும் வைக்கலாமா?

பதில் 1: வேண்டாம், தங்கையே. நார் கிடைத்துக்கொண்டே இருந்தால், அவை முட்டைகளை மூடிவிட்டு அவற்றின் மேலேயே புதிய கூட்டைக் கட்டத் தொடங்கிவிடக்கூடும். என் முதல் இணையின் 4 முட்டைகளை நான் அப்படித்தான் இழந்தேன், இன்றும் வருந்துகிறேன். பொதுவாக 12 முதல் 14 நாள்களில் குஞ்சு பொரிக்கும். அதுவரை கூட்டுக்குள் கையை விடாதீர்கள்.

பதில் 2: அண்ணன் சொல்வது சரி. குஞ்சு பொரித்ததும், வேகவைத்த முட்டையை ஓட்டுடன் மசித்துத் தினமும் கொடுங்கள். நம் ஊர் வெக்கையில் அது விரைவில் கெட்டுவிடும் என்பதால், மிச்சத்தை 2 மணி நேரத்துக்குள் எடுத்துவிடுங்கள். சுண்ணாம்புச் சத்துக்காகக் கணவாய் மீனின் ஓடு எப்போதும் கூண்டில் இருக்கட்டும்.

கேட்டவர்: மிக்க நன்றி. நாரை இப்போதே எடுத்துவிட்டேன்.