புதுப்பிப்பு: விளக்குத்தூண் பக்கத்துச் சாப்பாட்டுப் பட்டியல்

சென்ற வாரம் சிம்மக்கல் கறிதோசையையும் விளக்குத்தூண் ஜிகர்தண்டாவையும் பற்றி எழுதியிருந்தேன். "பருத்திப்பால் இல்லாமல் மதுரைப் பட்டியலா?" என்று பலர் கேட்டார்கள். கேட்டது நியாயம்தான். நேற்று மாலை தள்ளுவண்டி ஒன்றைத் தேடிப் போய்க் குடித்துவிட்டு வந்தேன்.

பருத்திக் கொட்டையை இரவெல்லாம் ஊறவைத்து, ஆட்டி, பாலைப் பிழிந்து வடிகட்ட வேண்டும். அதோடு அரிசி மாவு கரைத்துக் காய்ச்சி, வெல்லம், சுக்கு, ஏலக்காய், தேங்காய்த் துருவல் சேர்க்கிறார்கள். அடிப்பிடிக்காமல் கிளறிக்கொண்டே இருப்பதுதான் பெரிய வேலை. சுடச்சுட ஒரு டம்ளர் இறங்கியதும் தொண்டையில் சுக்கின் காரம் நின்றது. துருவல் பல்லில் பட்டுக்கொண்டே இருந்தது. எனக்கு இது ஜிகர்தண்டாவை விட ஒரு படி மேல். மழைநாளில் இரண்டு படி.

ஒரு திருத்தமும் உண்டு. ஜிகர்தண்டாவில் போடும் பாதாம் பிசினைக் கடல்பாசி என்று எழுதிவிட்டேன். பிசின் மரத்தில் வடிவது, ஊறினால் பொங்கிப் பெருகும். கடல்பாசி கடலில் விளைவது. சுட்டிக்காட்டியவர்களுக்கு நன்றி.

வெள்ளையப்பம் இன்னும் பாக்கி இருக்கிறது. மேலச்சித்திரை வீதிக்கு ஞாயிற்றுக்கிழமை போகிறேன்.