புதுப்பிப்பு: யார்க்‌ஷயர் வீட்டு ‘ஆகா’ (Aga) அடுப்பின் எரிவாயுச் செலவு

இங்கிலாந்தில் வாங்கிய வீட்டோடு வந்த, உள்ளே இரண்டு சமைக்கும் அறைகள் (oven) கொண்ட ‘ஆகா’ என்னும் வார்ப்பிரும்பு எரிவாயு அடுப்பை வைத்துக்கொள்ளலாமா என்று சென்ற ஆண்டு கேட்டிருந்தேன், பதிலளித்தவர்களுக்கு நன்றி. அடுப்பின் செலவு மட்டும் தெரிய, வீட்டைச் சூடாக்கும் எரிவாயுக் கொதிகலனை ஒரு வாரம் நிறுத்திவிட்டு மீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள் என்ற யோசனையே தெளிவு தந்தது. இரவும் பகலும் எரிந்து, வார்ப்பிரும்பில் வெப்பத்தைச் சேமிக்கும் இந்த அடுப்பு மட்டுமே வாரத்துக்கு ஏறத்தாழ 420 கிலோவாட் மணி, அதாவது அப்போதைய கட்டணமான ஒன்றுக்கு 6 பென்ஸ் வீதம் சுமார் 25 பவுண்டு, எடுத்துக்கொண்டது. மேலே உள்ள சூட்டுத்தட்டுகளை மூடிவைத்து உள்ளே உள்ள அறைகளிலேயே சமைத்ததில் மிச்சம் சொற்பம். மே முதல் செப்டம்பர் வரை முற்றிலும் அணைத்துவிட்டு இண்டக்‌ஷன் அடுப்புக்கு மாறியதுதான் செலவைக் குறைத்தது. குளிர்காலத்தில் சமையலறைக்குத் தனி வெப்பமூட்டி தேவைப்படவில்லை, துணிகளும் அதனருகிலேயே காய்ந்தன. எதிர்பாராதது ஒன்று: ஜனவரியிலும் இட்லி மாவு ஓர் இரவில் பொங்கிவிடுகிறது (இதை யாரும் சொல்லவில்லையே!).