பளபளக்கிற பொருளும் ஓடுகிற வானமும்: மனசை விட்டுப் போகாத ஒரு ஷூட்

(புகைப்படக்காரர்கள் குழு ஒன்றில், மனசை விட்டுப் போகாத ஷூட் எது என்ற கேள்விக்கு வந்த பதிவுகள். ஒவ்வொன்றின் மேலும் இருப்பது எழுதியவரின் புனைபெயர்.)

குத்துவிளக்கு:

நாச்சியார்கோயில் விளக்கைப் படம் எடுத்தவர்கள் இங்கே நிறையப் பேர் இருப்பீர்கள், அதனால் அந்தத் தண்டில் என்னவெல்லாம் தெரியும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. ஒரு பட்டறைக்கு விலைப்பட்டியல் புத்தகம் போடுவதற்காகப் போயிருந்தேன். ஆளுயர விளக்கு, உச்சியில் அன்னம். தண்டு முழுக்க நான், டிரைபாட், எதிர்க்கடையின் நீல ஷட்டர், யாருடையதோ சைக்கிள். சரி என்று வழக்கம்போல வெள்ளை வேட்டியைச் சுற்றிலும் கட்டி, லென்ஸுக்கு மட்டும் இடம் விட்டு, வெளியிலிருந்து லைட் அடித்தேன். பிரதிபலிப்பு எல்லாம் போய்விட்டது, கூடவே பித்தளையும் போய்விட்டது. மஞ்சள் பிளாஸ்டிக்கில் வார்த்த மாதிரி நின்றது.

கடைசல் எந்திரத்தின் முன்னால் உட்கார்ந்திருந்த பெரியவர் இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்தார். எழுந்து வந்தார், ஆணியில் தொங்கிய கறுப்புக் குடையை எடுத்தார், விரிக்காமலே வேட்டிக்குள் விட்டு விளக்குக்குப் பக்கவாட்டில் நிறுத்தினார். தண்டு நெடுக ஒரு கறுப்புக் கோடு விழுந்தது. அவ்வளவுதான், தண்டின் உருண்டை வடிவம் படத்தில் வந்துவிட்டது, கடைசல் வரி ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது. எப்படிங்க ஐயா என்றேன். "வாசக்கால் நிழல் தண்டுல நேரா விழுதான்னு பாத்துத்தான தம்பி மெருகே போடுறோம். கோடு நெளிஞ்சா கடைசல் சரியில்லைன்னு அர்த்தம்" என்றார்.

உறுத்துவது இது இல்லை. புத்தகம் அச்சாகி வந்தபோது அந்தக் கோட்டைக் காணோம். வடிவமைத்தவர் கீறல் என்று நினைத்துத் துடைத்துவிட்டாராம்! அந்தப் பெரியவர் கையில் அந்தப் புத்தகம் போயிருக்கும் என்று நினைத்தால் இன்றைக்கும் ஒரு மாதிரி இருக்கிறது.

முக்கடல்:

கன்னியாகுமரி, சித்ரா பௌர்ணமி. மேற்கே சூரியன் விழும்போதே கிழக்கே நிலா ஏறும், கூட்டமும் அதற்குத்தான் வரும், அதை விடுங்கள். நான் நிலாப் பக்கம் மட்டும் கேமராவை வைத்தேன், 85 எம்எம். வள்ளுவர் சிலை, விவேகானந்தர் பாறை, நடுவில் 2024 டிசம்பர் 30-ல் திறந்த கண்ணாடிப் பாலம். டைம்லாப்ஸ், அதாவது 5 வினாடிக்கு ஒரு படம் எடுத்து வீடியோவாக ஓட்டுவது. அந்தியிலிருந்து இருட்டு வரை வெளிச்சம் பத்து ஸ்டாப்புக்கு மேல் (ஒரு ஸ்டாப் இறங்கினால் வெளிச்சம் பாதி) இறங்கும் என்பதால், ஷட்டர் நேரத்தைக் கேமராவே முடிவு செய்கிற அப்பர்ச்சர் பிரயாரிட்டி, சென்சாரின் உணர்திறனான ஐஎஸ்ஓவும் ஆட்டோ (தெரிந்துதான் வைத்தேன், திட்ட வருகிறவர்கள் கொஞ்சம் பொறுங்கள்).

அடிவானத்தில் ஒரே மூட்டம். நிலா கடலிலிருந்து ஏறவே இல்லை, ஒரு முழம் மேலே செம்பு நிறத்தில் திடீரென்று இருந்தது. சரியாக அதே நேரம் பார்த்து 133 அடிச் சிலைக்கு விளக்கைப் போட்டார்கள். கேமரா மிரண்டுபோய் அடுத்த படத்தில் எல்லாவற்றையும் இருட்டாக்கிவிட்டது, அப்புறம் தானாகச் சுதாரித்துக்கொண்டது. ஓட்டிப் பார்த்தால் வானம் ஒரு தடவை கண் சிமிட்டுகிறது. மற்ற ஃப்ரேம்களில் வெறும் வெள்ளைப் பொட்டாக இருக்கிற நிலா, அந்த இருட்டு ஃப்ரேமில் மட்டும் கறையோடு தெரிகிறது. அதை எடுத்துவிட்டால் வீடியோ சுத்தம். எடுக்க மனசு வரவில்லை, வைத்தபடி யாருக்கும் காட்டவும் முடியவில்லை. எடுக்கலாமா, வேண்டாமா?

பழைய லென்ஸ்:

என் அனுபவம் சின்னதுதான். ஏற்காடு பகோடா பாயிண்டில் மேகம் ஓடிக்கொண்டிருந்தபோது ஒரு நாய் வந்து டிரைபாட் காலில் முதுகைச் சொறிந்துகொண்டு போனது. வீடியோவில் சேர்வராயன் மலையே ஆடும்.

முக்கடல் தம்பிக்குச் சில விஷயம் சொல்ல வேண்டும். டைம்லாப்ஸ் என்றால் எல்லாமே மேனுவல், வெள்ளைச் சமநிலை உட்பட. ஆட்டோவில் விட்டால் ஒரு மேகம் குறுக்கே வந்தாலே படம் நீலத்துக்கும் மஞ்சளுக்கும் தாவும். மேனுவலில் வைத்தும் மினுக்குகிறது என்பவர்களுக்கு: குற்றம் லென்ஸுக்குள் வெளிச்சம் வரும் துளையைச் சுருக்கி விரிக்கிற அப்பர்ச்சர் இலைகள்மேல். ஒவ்வொரு கிளிக்குக்கும் அவை மூடித் திறக்கின்றன, ஒவ்வொரு தடவையும் மயிரிழை வித்தியாசம் வரும், கண்ணுக்குத் தெரியாத அந்த வித்தியாசம் ஓட்டும்போது துடிக்கும். லென்ஸிலேயே வளையம் திருப்பி அப்பர்ச்சரை வைக்கிற பழைய மேனுவல் லென்ஸ் போட்டால் இந்தத் தொல்லையே இல்லை, நான் அதற்காகவே ஒன்று வைத்திருக்கிறேன். 25 ஃப்ரேம் வேகத்தில் 10 வினாடி வேண்டுமென்றால் 250 படம், 5 வினாடி இடைவெளி என்றால் கிட்டத்தட்ட 21 நிமிடம் நிற்க வேண்டும். ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தை இடைவெளியில் பாதிக்குக் கொண்டுவந்தால் மேகம் வெட்டி வெட்டிப் போகாது, பகலில் அதற்கு வெளிச்சத்தைக் குறைக்கிற என்டி ஃபில்டர் கட்டாயம். ஆட்டோஃபோகஸ், ஸ்டெபிலைசர் இரண்டையும் அணைத்துவிடுங்கள். நட்சத்திரம் கோடாக இழுபடாமல் இருக்க, 500-ஐ ஃபோக்கல் நீளத்தால் வகுத்தால் வருகிற வினாடிக்கு மேல் போகாதீர்கள், 24 எம்எம் என்றால் 20 வினாடி, இன்றைய சென்சாருக்கு அதையும் குறைத்துக்கொள்வது நல்லது. மலையில் பனி லென்ஸை மூடும், சூடாக்கும் பட்டை ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

குத்துவிளக்கு நண்பருக்கு: பிரதிபலிப்பை மட்டுப்படுத்துகிற போலரைசர் ஃபில்டர் ஒன்று போட்டிருந்தால் வேட்டியும் வேண்டாம், குடையும் வேண்டாம்.

குத்துவிளக்கு:

சார், போலரைசர் கண்ணாடியில், தண்ணீரில், வார்னிஷ் அடித்த மரத்தில் வேலை செய்யும். வெறும் உலோகத்தில் லென்ஸில் மட்டும் மாட்டினால் ஒன்றும் நடக்காது. லைட்டுக்கு முன்னாலும் போலரைசிங் ஃபிலிம் வைத்து, லென்ஸில் இருப்பதைக் குறுக்காகத் திருப்பினால் பளபளப்பு போகும். ஆனால் போக வேண்டும் என்று யார் கேட்டார்கள்? பித்தளையில் பளபளப்பு போனால் மிச்சம் என்ன இருக்கிறது?

தங்க ரேக்கு:

பளபளப்பு போனால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். தெரிந்த மாமி வீட்டில் ஒரு தஞ்சாவூர் ஓவியம், வெண்ணெய்க் கிருஷ்ணன். இன்ஷூரன்ஸுக்குப் படம் வேண்டும் என்றார். ஓவியத்துக்கு எல்லோரும் சொல்கிற மாதிரி இரண்டு பக்கமும் 45 டிகிரியில் லைட். கலர் அச்சு அசலாக வந்தது, கண்ணாடியில் ஒரு மினுக்கு இல்லை. ஆனால் தங்க ரேக்கு (மெல்லிய தங்கத் தகடு) ஒட்டிய இடமெல்லாம் கறுப்பு. ரேக்குக்கு எதிரே இருந்தது நானும் இருட்டுக் கூடமும்தானே, அதைத்தான் அது காட்டும். கேமராவைச் சுற்றி வெள்ளைத் தெர்மோகோல் பிடித்து மறுபடி எடுக்கலாம் என்று நான் வாயைத் திறப்பதற்குள் மாமி திரையை எட்டிப் பார்த்துவிட்டார். "கேமரா பொய் சொல்லாதுடா. ரேக்கு டூப்ளிகேட், அந்தக் கடைக்காரன் என்னை ஏமாத்திட்டான்" என்றார். பூஜை அறை விளக்கை எடுத்துவந்து ஓவியத்துக்கு முன்னால் அசைத்துக் காட்டினேன், தங்கம் திகுதிகுவென்று ஓடியது. அதைப் பார்த்துக்கொண்டே "போட்டோவுல ஏன் வரல?" என்றார். தெர்மோகோல் வைத்து எடுத்த இரண்டாவது படத்தை, நான் ஏதோ கம்ப்யூட்டரில் கலர் பூசிக் கொடுத்ததாகத்தான் நம்புகிறார். கடைக்காரரிடம் சண்டைக்கும் போய்விட்டார்.

இன்னொன்று, குத்துவிளக்குக்குக் கோபம் வரலாம். அந்தக் கோட்டைத் துடைத்த வடிவமைப்பாளரை நான் குறை சொல்ல மாட்டேன். விலைப்பட்டியலைப் புரட்டுகிறவருக்கு வாசக்கால் நிழல் எல்லாம் தெரியாது, கீறல் விழுந்த விளக்கு என்று அடுத்த பக்கம் போய்விடுவார். பெரியவர் குடையைச் சாய்க்காமல் பிடித்திருப்பார், ஓரம் கத்தரித்த மாதிரி விழுந்திருக்கும். கொஞ்சம் சாய்த்து, குடைக்கும் வெள்ளைத் துணிக்கும் நடுவே சாம்பல் நிறத் துணி ஒன்று விட்டிருந்தால் ஓரம் கரைந்திருக்கும், யாரும் கீறல் என்று சொல்லியிருக்க மாட்டார்கள்.

குத்துவிளக்கு:

கோபம் இல்லை. ஆனால் கரைந்த ஓரம் வேண்டும் என்றால் அந்தப் பெரியவரிடம் நீங்களே போய்ச் சொல்லுங்கள், நான் வரவில்லை.

முக்கடல்:

நான் கேட்டது அந்த ஒரு ஃப்ரேமை எடுக்கலாமா வேண்டாமா என்று, அதை யாருமே தொடவில்லை. மேனுவலில் வைத்திருந்தால் அந்த ஃப்ரேமே இருந்திருக்காது, அதையும் சொல்லிவிடுகிறேன். அப்புறம் பழைய லென்ஸ் சார், அந்த நாய் வீடியோ இன்னும் இருந்தால் இங்கே போடுங்களேன்.