கோலார் தங்கவயல் சயனைடு மேட்டில் இன்னும் தங்கம் இருக்கிறதா?

மாரிக்குப்பத்துக்காரன்:
2001-இல் சுரங்கத்தை மூடினார்கள். அப்பாவின் வேலை போயிற்று, தாதுவை அரைத்துத் தங்கம் எடுத்தபின் கொட்டிய கழிவு மேடு மட்டும் போகவில்லை. காற்றடித்தால் அந்த வெளிர்தூள் சோற்றுத்தட்டு வரை வருகிறது. மேட்டை ஏலம் விட்டு அதிலிருந்து தங்கம் எடுக்கப்போகிறார்களாம். தேறுமா?

ஓய்வுபெற்ற உலோகவியலாளர்:
தேறும். 13 மேடுகள், சுமார் 3.3 கோடி டன். டன்னுக்கு ஒரு கிராம்கூடக் கிடைக்காது. ஆனால் வெட்டி, அரைக்கும் செலவு அந்தக் காலத்திலேயே முடிந்துவிட்டதே! கூழாக்கி, சுண்ணாம்பு சேர்த்து, சயனைடு கரைசலில் காற்றூட்டிக் கலக்க வேண்டும். கரைந்த தங்கத்தைச் சிரட்டைக்கரி பிடித்துக்கொள்ளும். ஆமாம், தேங்காய்ச் சிரட்டைதான்.

ஆண்டர்சன்பேட்டை:
மிச்சக் கூழ்? மறுபடி எங்கள் தலையிலா?

ஓய்வுபெற்ற உலோகவியலாளர்:
நியாயமான கோபம். சயனைடைச் சிதைத்த பிறகே, அடியில் நீர் கசியாத விரிப்பு போட்ட குட்டையில் விட வேண்டும். ஏலம் எடுப்பவரிடம் முதலில் அந்தக் குட்டையின் வரைபடத்தைக் கேளுங்கள்.