வால்ட் சைமன்சனின் தோர்: 337 முதல் 382 வரை எந்த வரிசையில் படிப்பது?

கேள்வி: பக்கம்புரட்டி

மார்வெலின் தோர் காமிக்ஸில் சைமன்சன் தொடர்ந்து எழுதிய இதழ்களை, அதாவது அவருடைய தோர் ரன்னைப் பற்றி இங்கே ஆளுக்கு ஆள் தூக்கிப் பேசுகிறீர்கள். சரி, படித்துவிடலாம். ஆரம்பிக்கும் முன் நாலு சந்தேகம்.

முந்தைய 336 இதழ்களும் தெரியாமல் நேரே 337இல் நுழையலாமா? நடுவே 356, 370 இரண்டும் தொகுப்பில் இல்லை. அச்சுப் பிழையா, வேண்டுமென்றே விட்டதா? தோரின் தோழன் பால்டரைப் பற்றிய குறுந்தொடரின் நான்கு இதழ்களை எங்கே செருகுவது? கடைசியாக, கதைக்குத் தொடர்பே இல்லாமல் எவனோ இருட்டில் இரும்பு அடிக்கிற பக்கங்கள் வந்துகொண்டே இருக்கின்றன. அவற்றைத் தாண்டிப் போனால் ஏதாவது நஷ்டமா?

பதில்: மூன்றாம் அச்சு

கடைசிக் கேள்விக்கு முதலில்: தாண்டிவிடாதீர்கள். இந்த ரன்னின் முதுகெலும்பே அந்தப் பக்கங்கள்தான்.

337 (1983 நவம்பர்) தொடங்குவதே அந்த உலைக்களத்தில். அடிப்பவன் யார் என்று சொல்வதில்லை. நிழலும் நெருப்பும் 'டூம்' என்ற ஒரே சொல்லும்தான். சம்மட்டி விழும் ஓசையும் அதுதான், ஆங்கிலத்தில் அழிவு என்ற பொருளும் அதுதான். அடுத்தடுத்த இதழ்களில் ஒரு பக்கம், அரைப் பக்கம் என்று திரும்பத் திரும்ப வரும். ஒவ்வொரு முறையும் வேலை கொஞ்சம் முன்னேறியிருக்கும். அடிபடுவது நெருப்பு அரக்கன் சர்ட்டரின் வாள். அவன் அதைத் தூக்கிக்கொண்டு கிளம்பும்போது கதை 349இலிருந்து 353 வரையிலான போருக்குள் போகிறது. ஓராண்டுக்கும் மேலாக வாசகனின் காதில் சம்மட்டி அடித்துவிட்டுத்தான் ஆளையே வெளியே விடுகிறார். ஒவ்வோர் இதழும் தனித்தனியாகக் கடையில் விற்ற காலத்தில் இப்படி விதை போட்டுக் காத்திருப்பதற்குத் துணிச்சல் வேண்டும்.

முன்கதை தேவையில்லை. 337இன் அட்டையில் பீட்டா ரே பில் சுத்தியலால் பத்திரிகையின் பழைய தலைப்பையே உடைத்துக்கொண்டு வருகிறான். புது வாசகனுக்கு அதுவே போதுமான அறிவிப்பு. தெரிந்திருக்க வேண்டியது ஒன்றுதான்: தகுதி உள்ளவனே தோரின் சுத்தியலைத் தூக்க முடியும். குதிரை முகத்தோடு வேற்றுக்கிரகத்திலிருந்து வந்த இந்த பில் அதைத் தூக்கிவிடுகிறான். 339இல் அவனுக்கென்று தனிச் சுத்தியல் வார்க்கிறார்கள். 340இல் டொனால்டு பிளேக் என்ற தோரின் பழைய மனித வேடத்தையே அவன் தந்தை ஓடின் எடுத்துவிடுகிறார். இருபது ஆண்டு வழக்கத்தை நாலே இதழில் ஏறக்கட்டியாயிற்று.

விட்டுப்போனவை அச்சுப் பிழை அல்ல. 356, 370 இரண்டையும் எழுதியவர்கள் வேறு ஆட்கள். 356 ஹெர்குலிஸை வைத்து ஓட்டிய இடைநிரப்பல். படிக்காவிட்டால் கதையில் ஒரு கண்ணிகூட அறாது.

பால்டரை 360ஐ ஒட்டியோ, 363 முடிந்த கையோடோ படிக்கலாம். அவன் அரியணை ஏறும் கட்டத்துக்கு (368) முன்னால் முடித்துவிட வேண்டும், அவ்வளவுதான். ஆனால் 344ஐப் படிக்காமல் குறுந்தொடரைத் தொடாதீர்கள். சாவின் உலகத்தைப் பார்த்துவிட்டு வந்தவன் உடல் பருத்து, வாளைத் தொட மனமில்லாமல் உட்கார்ந்திருக்கும் நிலை அங்கேதான் வருகிறது. அது தெரியாவிட்டால் நான்கு இதழும் வெறும் சண்டையாகத் தோன்றும்.

பதில்: உலைக்களம்

மேலே சொன்னதோடு ஒரு எச்சரிக்கை. பலரும் இடறும் இடம் 363.

இருள் எல்ஃப்களின் தலைவன் மாலெகித்தின் ஆள் ஆல்கிரிம் 347இல் எரிமலைக் குழம்பில் விழுகிறான். பிறகு பார்த்தால் கர்ஸ் என்ற பெயரில், பல மடங்கு பலத்தோடு திரும்பி வருகிறான். நடுவில் என்ன நடந்தது என்பது தோர் இதழ்களில் இல்லை. அவனை மாற்றிய சம்பவம் சீக்ரெட் வார்ஸ் 2 தொடரின் 4ஆம் இதழில். அந்தத் தொடருக்காக எல்லாப் பத்திரிகைகளிலும் ஒட்டுக்கதை எழுதவைத்த காலம் அது. 'பியாண்டர் (அந்தத் தொடரில் வரும் மாபெரும் சக்தி கொண்டவன்) அவனை மாற்றிவிட்டான்' என்ற ஒரு வரி தெரிந்தால் போதும், அதற்காக அந்த இதழைத் தேடி அலைய வேண்டாம்.

373, 374 இரண்டும் எக்ஸ்-மென் இதழ்களில் ஓடிய 'மியூட்டன்ட் மசாக்கர்' என்ற படுகொலைக் கதையின் ஓரம். அங்கேயும் கொஞ்சம் குழம்பும். குழம்பினால் அப்படியே கடந்துவிடுங்கள்.

ஆனால் 360 முதல் 362 வரை ஒரே மூச்சில் படியுங்கள். மாலெகித் அனுப்பிவிட்ட மனித உயிர்களை மீட்கச் சாவின் அரசி ஹேலாவின் உலகத்துக்குப் போகும் பயணம். 362இன் ஸ்கர்ஜ் காட்சியை மட்டும் பிய்த்துப் போட்டு 'ஆஹா' என்பவர்கள் நிறைய. அந்தக் காட்சி வேலை செய்வதற்குக் காரணம் முந்தைய இதழ்களில் அவன் பட்ட அவமானம். அவன் காதலித்த சூனியக்காரி மயக்குக்காரி (என்சான்ட்ரஸ்) அவனைத் தூக்கி எறிகிறாள். காலமெல்லாம் யாரோ சொன்னதைச் செய்த அடியாள் அவன். பின்வாங்கும்போது பாலத்தைத் தானே காப்பதாகத் தோர் சொல்ல, பின்னாலிருந்து அடித்து அவனை மயக்கமாக்கிவிட்டு ஸ்கர்ஜ் அந்த இடத்தில் நிற்கிறான். கையில் கோடரி இல்லை, எம்-16 துப்பாக்கிகள். அவன் விழுவதைக்கூடக் காட்டுவதில்லை. 2017இல் வந்த ரக்னராக் படத்தில் துப்பாக்கியோடு பாலத்தில் நிற்பவன் இவன்தான். படத்தில் அது சில நொடி. இங்கே இரண்டு வருடக் கணக்குத் தீர்க்கப்படுகிறது.

பதில்: கட்டமும் கோடும்

எழுத்தாளர் ரன் என்று மட்டும் பேசினால் பாதி விஷயம் விட்டுப்போகும். 337 முதல் 354 வரையும் 357 முதல் 367 வரையும் படமும் சைமன்சனே. 368 முதல் சால் பஸ்கெமா, 380 தவிர. 1977-78இல் லென் வீன் எழுதிய சில தோர் இதழ்களுக்கும் சைமன்சன் படம் வரைந்திருக்கிறார். அப்போது அது அடுத்தவர் கதை. இந்த முறை கடிவாளம் அவர் கையில்.

அதைவிட முக்கியமான ஆள் ஜான் வொர்க்மன், எழுத்து வடிவமைத்தவர். ஏதாவது ஒரு பக்கத்தை எடுத்து வசன பலூனின் மேல் விளிம்பைப் பாருங்கள். கட்டத்தின் கோட்டைத் தொடும் இடத்தில் பலூனுக்குக் கோடு இருக்காது, திறந்தே கிடக்கும். வெள்ளை, கட்டத்துக்கு இடையிலுள்ள வெள்ளையோடு கலந்துவிடும். பலூன் படத்தின் மேல் ஒட்டிய சீட்டாகத் தெரியாமல் பக்கத்தின் பகுதியாகவே ஆகிவிடும். ஓசைச் சொற்களும் அப்படித்தான்: கட்டத்தை மீறி, கட்டிடம் மாதிரி நிற்கும். அந்த 'டூம்' படத்தோடு சேர்த்து அமைத்தது, பிறகு ஒட்டியது அல்ல. எனவே கைபேசியில் கட்டம் கட்டமாகப் பெரிதாக்கிக் காட்டும் முறையில் படிக்காதீர்கள். இரண்டு கட்டங்களுக்குக் குறுக்கே போகும் எழுத்து பாதியில் வெட்டுப்படும். முழுப் பக்கமாக வையுங்கள்.

நிறம் பற்றி யாரும் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். 2011 பெருந்தொகுப்பு ஸ்டீவ் ஒலிஃப் மேற்பார்வையில் புதிதாக நிறம் தீட்டப்பட்டது. வழவழத் தாளில் பழைய தட்டை நிறங்களை அப்படியே போட்டால் கண்ணை அறையும், அதனால் அந்த முடிவு. உழைப்பு தெரிகிறது. என் கட்சி பழைய அச்சுதான்: சைமன்சனின் கோடு கோணல்மாணலாக, கீறினாற்போல இருக்கும்; அதன் கீழே தட்டை நிறம் இருந்தால்தான் கோடு முன்னே வரும்.

பதில்: மூன்றாம் அச்சு

இதில் உடன்பாடு இல்லை. சர்ட்டர் போரின் நெருப்புப் பக்கங்களில் ஒலிஃபின் நிறம் ஆழம் தருகிறது. பழைய அச்சில் மஞ்சளும் சிவப்பும் கூழாகிக் கிடக்கும் பக்கங்கள் உண்டு. தவளைக் கதைக்கு (364-366) வேண்டுமானால் பழையதே மேல் என்று ஒப்புக்கொள்கிறேன்.

கேள்வி: பக்கம்புரட்டி

நிறச் சண்டையைத் தனி இழையில் வைத்துக்கொள்ளுங்கள்! தவளையா? அது விளையாட்டுக் கதையா, மையக் கதையா? 380 மட்டும் ஏன் மறுபடியும் சைமன்சன் கை?

பதில்: உலைக்களம்

இரண்டும்தான். லோக்கி தோரைத் தவளையாக்குகிறான், சென்ட்ரல் பார்க்கில் தவளைகளுக்கும் எலிகளுக்கும் போர். தகுதி என்ற பழைய விதி தவளைக்கும் பொருந்துமா என்பதுதான் விஷயம். சிரித்துக்கொண்டே படித்துக்கொண்டிருக்கும்போது 337இன் கேள்வி திரும்ப வந்து நிற்கும்.

380இல் ஒரு பக்கத்துக்கு ஒரே படம், முதல் பக்கத்திலிருந்தே. தோரும் உலகையே சுற்றி வளைத்த மிட்கார்ட் பாம்பும் மோதுகிறார்கள். பக்க அமைப்பு சைமன்சன், கோட்டை முடித்தது பஸ்கெமா. ஹேலாவின் சாபத்தால் தோரின் எலும்புகள் நொறுங்கும், ஆனால் சாவும் வராது. அதனால்தான் 378இல் கவசம். அந்தச் சாபம் தெரியாமல் 380ஐத் தனியாக எடுத்தால் அழகான சுவரொட்டிகள் கொண்ட ஓர் இதழ், அவ்வளவே. தெரிந்து படித்தால், அவன் ஓங்கும் ஒவ்வோர் அடியிலும் அவன் கையே உடைகிறது என்பது புரியும். அந்தச் சண்டையில் உடம்பு என்ன ஆயிற்று என்று 381 காட்டும், 382 அதற்குப் பதில் சொல்லும். 380ஐ மூடியதும் நிறுத்தாமல் அந்த இரண்டையும் அதே உட்காரலில் முடித்துவிடுங்கள்.