கொட்டை எடுத்த புளி ஒரு வருடம் கெடாமல் இருக்க என்ன செய்வது?

கேட்டவர்: செம்மண்
மரத்திலிருந்து இறக்கிய புளி, ஓட்டோடு 20 கிலோ இருக்கிறது. எவ்வளவு காயவிட வேண்டும்? உப்பு சேர்ப்பதா வேண்டாமா, சேர்த்தால் கிலோவுக்கு எவ்வளவு? கொட்டையோடு வைத்தால்தான் கெடாது என்கிறார்களே, சரியா? சில பழங்களில் ஓடு சதையோடு ஒட்டிக்கொண்டு உரியவே மாட்டேன் என்கிறது. அதையும் கலந்துவிடலாமா?

அடிமரம்:
கடைசிக் கேள்விக்கு முதலில் சொல்லிவிடுகிறேன், கெடுதல் பெரும்பாலும் அங்கேதான் தொடங்கும். ஓடு ஒட்டியிருப்பது செங்காய். முற்றிப் பழுத்த புளியில் சதை சுருங்கி ஓட்டை விட்டு விலகி நிற்கும். ஆட்டினால் கடகடக்கும், விரலால் அழுத்தினாலே ஓடு நொறுங்கும். செங்காயில் ஈரம் அதிகம். ஒரு பிடி கலந்தாலும் அந்த இடத்தில்தான் முதலில் பூஞ்சை பிடிக்கும். தனியே எடுத்து உடனே செலவழித்துவிடுங்கள்.

மற்றதை ஓட்டோடு 2, 3 நாள் நல்ல வெயிலில் போடுங்கள். பிறகு ஓடு, நார், கொட்டை எல்லாம் எடுத்துவிட்டுச் சதையை மெல்லிதாகப் பரப்பி இன்னும் 2 நாள். பொழுது சாயும் முன் அள்ளி மூடிவிட வேண்டும். புளி காற்றில் இருக்கிற ஈரத்தை இழுக்கும். பகலில் காய்ந்ததெல்லாம் இரவில் வீணாகும். பிசைந்தால் வளைய வேண்டும், கையில் ஒட்டக் கூடாது. அதுதான் பதம். மொறமொறவென்று ஆகும்வரை விட்டால் பின்னால் கரைப்பது பெரும்பாடு.

கொட்டையோடு வைக்கவே வேண்டாம். புளியைக் கெடுக்கிற வண்டின் புழு கொட்டைக்குள் இருந்துதான் வளர்கிறது. மரத்தில் இருக்கும்போதே முட்டை விழுந்திருக்கலாம். ஓட்டில் சிறு துளை தெரிந்தால் பிரித்துப் பார்த்துவிட்டுச் சேருங்கள். 20 கிலோவில் சுத்தமான சதை 7 முதல் 10 கிலோ தேறும், ரகத்தைப் பொறுத்து.

கல்லுப்பு:
உப்பு போடுங்க. 1 கிலோ புளிக்கு 100 கிராம் கல்லுப்பு, அதுக்கு மேல வேண்டாம். ஈர உப்பு ஆகாது. வெறும் சட்டியில் வெடிப்பு அடங்கும்வரை வறுத்து, ஆறவிட்டுப் போடணும். மண்பானை அல்லது பீங்கான் ஜாடியில் ஒரு அடுக்கு புளி, ஒரு கை உப்பு, மறுபடி புளி. ஒவ்வொரு அடுக்கையும் முஷ்டியால் குத்தி அமுக்குங்க, நடுவில் காற்று நிற்கக் கூடாது. மேலே உப்பைத் தூவி, வாயைத் துணியால் மூடி வேடு கட்டுங்க. ஒரு வாரம் கழிச்சுத் திறந்து பாருங்க. அடியில் தண்ணி நின்னா புளி சரியா காயலைன்னு அர்த்தம். எல்லாத்தையும் எடுத்து மறுபடி வெயிலில் போடறதுதான் வழி.

செம்பு, பித்தளை, அலுமினியம், இரும்பு எதுவும் கூடாது, அமிலம் அரிச்சுடும். எவர்சில்வர்கூட உப்பும் புளியும் சேர்ந்தா நாளாவட்டத்தில் புள்ளி புள்ளியா அரிக்கும்.

மூன்றாம்கிளை:
உப்பு கட்டாயம் என்பதில் எனக்கு உடன்பாடில்லை. பதமாகக் காய்ந்து, காற்றுப் புகாத கண்ணாடி ஜாடியில் அடைத்தால் உப்பில்லாமலே இருக்கும். மண்பானை என்றால் நிலைமை வேறு, அங்கே உப்பு வேண்டும். ஆனால் மழைக்காலத்தில் உப்பே ஈரத்தை இழுத்துப் புளியை இளக்கிவிடும் என்பதையும் கணக்கில் வையுங்கள். வண்டுப் பயம் இருந்தால் புளியைப் பையில் கட்டி உறையும் பெட்டியில் (ஃப்ரீசரில்) 4 நாள் வைத்து, எடுத்தபின் பையைத் திறக்காமலே அறைச்சூட்டுக்கு வரவிடுங்கள். உடனே திறந்தால் புளி மேல் நீர் வியர்க்கும்.

கறுப்பதை உப்பு தடுக்காது. புளியின் சர்க்கரையும் பிற பொருள்களும் வெப்பத்தில் மெல்ல வினைபுரிவதால் வரும் நிறம் அது. குளிர்ந்த இடத்தில் தாமதமாகும், அவ்வளவே. செந்நிறம் வேண்டுமென்றால் 1 கிலோவைக் குளிர்பெட்டியில் வையுங்கள். கறுத்த புளி கெட்ட புளி அல்ல. புளிப்பு டார்டாரிக் அமிலத்தால் வருவது, அது ஆவியாகிப் போவதில்லை.

செம்மண்:
நன்றி. மேலே வெள்ளையாகப் படிந்தால் எறிந்துவிட வேண்டுமா?

அடிமரம்:
தொட்டுப் பாருங்கள். மணல் மாதிரி நறநறத்து, வெந்நீரில் கரைந்தால் உப்புப் படிவு, பயமில்லை. பஞ்சு மாதிரி மென்மையாக இருந்து மக்கிய வாடை வந்தால் பூஞ்சை. மேலாக வழித்துவிட்டு மீதியைப் பயன்படுத்தலாம் என்று நினைக்க வேண்டாம், பூஞ்சை உள்ளேயும் இறங்கியிருக்கும். அந்த ஜாடியையே ஒதுக்கிவிடுங்கள். இதற்காகத்தான் மொத்தத்தையும் ஒரே பாத்திரத்தில் அடைக்காமல் 2, 3 ஜாடியாகப் பிரிப்பது.