1978 பத்மினி: கூரைத் துணியில் கறை, கதவு அட்டை ஊறுது, சீட் அமுங்கிப்போச்சு. எதுல ஆரம்பிக்கணும்?

குடந்தைப் பெண்:
எல்லாருக்கும் வணக்கம். எங்க வீட்டு வண்டி 1978 பிரீமியர் பத்மினி. அப்பா புதுசா எடுத்தது. அவர் போய் நாலு வருஷம் ஆகுது. அதுவரைக்கும் வேற யார் கையும் ஸ்டீயரிங்ல பட்டதில்லை. அதுக்கப்புறம் வண்டி கொட்டகையிலேயே நின்னுடுச்சு. போன வருஷம் தம்பியும் நானும் சேர்ந்து இன்ஜின், பிரேக், வயரிங் மூணையும் சரி பண்ணினோம். இப்ப நல்லா ஓடுது.

பிரச்சினை உள்பக்கம்தான். பின்சீட்டுக்கு மேல இடது மூலையில கூரைத் துணியில காப்பி கொட்டின மாதிரி ஒரு கறை, மழைக்கு மழை பெருசாகுது. கதவு அட்டை நாலும் அடிப்பக்கம் ஊறி உப்பிடுச்சு. போன ஆவணியில ஒரு குஷன் கடையில குடுத்து நாலுக்கும் புது ஹார்டுபோர்டு, புது ரெக்ஸின் போட்டோம். ஐப்பசி மழை முடியறதுக்குள்ள மறுபடி அதே கதி. கேட்டா "பழைய வண்டின்னா அப்படித்தான்"னு சொல்லிட்டாங்க. முன்சீட்டு டிரைவர் பக்கம் ஒரேயடியா அமுங்கி, உட்கார்ந்தா ஸ்பிரிங் குத்துது. பம்பர்ல புள்ளி புள்ளியா துரு.

அம்மாவுக்கு 74 வயசு. தை மாசம் குலதெய்வம் கோயிலுக்கு இந்த வண்டியிலதான் போகணும்னு ஆசைப்படறாங்க. எதை முதல்ல செய்யணும், எதைத் தொடவே கூடாதுன்னு சொல்லுங்க.

கோவை குஷன்காரர்:
வணக்கம்ங்க. முப்பது வருசமா இந்த வேலைதான் பண்றேன். முதல்ல ஒண்ணு சொல்றேன், இப்ப ஒரு மீட்டர் ரெக்ஸின்கூட வாங்காதீங்க. தண்ணி வர்ற வழியை அடைக்காம குஷன் வேலை பண்ணினா காசு தண்டம்ங்க.

கதவுக்குள்ள தண்ணி போறது தப்பே இல்லைங்க. கண்ணாடி ஏறி இறங்குற வாய் வழியா எந்த வண்டியிலயும் கொஞ்சம் தண்ணி கதவுக்குள்ள இறங்கும். அது கீழ இருக்கிற ஓட்டை வழியா வெளிய போயிரணும். கதவுத் தகரத்துக்கும் அட்டைக்கும் நடுவுல ஒரு பாலிதீன் ஷீட் ஒட்டியிருக்கணும். அதுதான் அட்டையைக் காப்பாத்துது. பாதிப் பேர் அட்டையைக் கழட்டுறப்ப அந்த ஷீட்டைக் கிழிச்சுப் போட்டுட்டு அப்படியே மூடிருவாங்க. ஒரு கதவைக் கழட்டிப் பார்த்துட்டுச் சொல்லுங்க, ஷீட் இருக்கா, கீழ ஓட்டை திறந்திருக்கான்னு. கிளிப்பைத் திருப்புளி போட்டு நெம்பாதீங்க, ஹார்டுபோர்டு பிய்ஞ்சுரும். பிளாஸ்டிக் பட்டையா ஏதாவது ஒண்ணைக் கிளிப்புக்கு நேரா உள்ள விட்டு மெதுவாத் தள்ளுங்க.

குடந்தைப் பெண்:
நீங்க சொன்னது அச்சு அசலா சரி அண்ணா. நாலு கதவுலயும் ஷீட் இல்லை. இடது பின்கதவுல மட்டும் மூலையில ஒரு துண்டு, பழுப்பா மொறமொறன்னு ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. கீழ ஓட்டை மூணும் மண் அடைச்சுக் கல்லு மாதிரி ஆயிடுச்சு. சைக்கிள் ஸ்போக்ஸை விட்டுக் குத்தினதும் செம்மண் தண்ணி அரை டம்ளருக்கு மேல கொட்டுச்சு. டிரைவர் கதவுக்குள்ள இருந்து ஒரு கோயில் அர்ச்சனைச் சீட்டு, கூழாகி மடிஞ்ச நிலையில. எழுத்து ஒண்ணும் தெரியல. அப்பா கண்ணாடி ஓரமா செருகி வச்சது உள்ள விழுந்திருக்கும். காய வச்சிருக்கேன்.

கோவை குஷன்காரர்:
அது போதும்ங்க, காரணம் கிடைச்சிருச்சு. கதவுக்குள்ள அடிப்பகுதியைக் கம்பி பிரஷ் போட்டுச் சுரண்டிட்டு, துரு தடுக்கிற பிரைமர் அடிங்க. காஞ்சப்புறம் ஓட்டை மறுபடி அடைபட்டிருக்கான்னு ஸ்போக்ஸ் விட்டுப் பாருங்க, பிரைமரே அடைச்சுக்கும். ஷீட்டுக்கு மளிகைக் கடை கவர் வேண்டாம், கனமான பாலிதீன் வாங்கி பியூட்டைல் டேப்பால (பிசுபிசுன்னு ஒட்டுற ரப்பர் டேப்) ஒட்டுங்க. ஷீட்டோட அடி விளிம்பு கதவுத் தகரத்துக்கு உள்பக்கமா மடங்கி இருக்கணும். வெளிய தொங்கினா தண்ணி நேரா அட்டை மேலதான் வடியும். புது ஹார்டுபோர்டு வெட்டினதும் நாலு ஓரத்துலயும், ஓட்டை போட்ட இடத்துலயும் வார்னிஷ் ரெண்டு கோட் குடுத்துட்டு அப்புறமா ரெக்ஸின் ஒட்டுங்க. ஹார்டுபோர்டு ஓரத்துலதான் தண்ணி குடிக்கும்.

பழைய பியட், சென்னை:
கூரைக் கறைக்கு என் அனுபவம். எல்லாரும் பின்கண்ணாடி ரப்பரைத்தான் குற்றம் சொல்வாங்க. பல நேரம் அது சரிதான். ஆனா சோதிக்காம ரப்பர் வாங்க வேண்டாம். ஒருத்தர் டார்ச்சோட உள்ள உட்காரணும். கறை இருக்கிற மூலையில கூரைத் துணியை ஒரு அடி நீளத்துக்குப் பிரிச்சுத் தகரம் தெரியற மாதிரி வச்சுக்கோங்க. வெளிய இன்னொருத்தர் தண்ணிக் குழாயை மெதுவா, பீய்ச்சாம, கீழிருந்து மேல கொண்டு வரணும். முதல்ல கண்ணாடியோட கீழ் விளிம்புல அஞ்சு நிமிஷம், அப்புறம் பக்கவாட்டு, அப்புறம் மேல் விளிம்பு, கடைசியா கதவுக்கு மேல ஓடற மழைத்தண்ணி வாய்க்கால். மேலிருந்து ஆரம்பிச்சா எல்லாம் ஒண்ணா நனைஞ்சு ஒண்ணும் புரியாது.

குடந்தைப் பெண்:
நேத்து செஞ்சு பார்த்தோம். தம்பி உள்ள, நான் வெளிய. கண்ணாடியைச் சுத்தி இருபது நிமிஷம் ஊத்தியும் உள்ள ஒரு சொட்டு இல்லை. வாய்க்கால்ல ஊத்தி ரெண்டு நிமிஷத்துல தம்பி உள்ளேருந்து கத்தினான். இடது பின்கதவுக்கு மேல, வாய்க்கால் கூரையோட சேர்ற மடிப்புல பெயின்ட் முடி மாதிரி விரிஞ்சிருக்கு. நகத்தால தடவினா மட்டும்தான் தெரியுது. அங்கேருந்து தண்ணி தகரத்தோட உள்பக்கமாவே ஒரு முழம் ஓடி, கறை இருக்கிற இடத்துல சொட்டுது. நான் ரப்பருக்கு ஆர்டர் குடுக்க இருந்தேன்!

மதுரை பெயின்டர்:
அக்கா, அந்த விரிசல் மேல சிலிக்கான் தடவிடாதீங்க. பின்னாடி பெயின்ட் அதுமேல ஒட்டவே ஒட்டாது. மடிப்புல இருக்கிற பழைய சீலரை (தகர இணைப்பை அடைக்கற பசை) நல்ல தகரம் தெரியற வரைக்கும் சுரண்டி எடுக்கணும். உள்ள துரு இருந்தா துருவை மாத்தற மருந்து தடவி, பிரைமர் அடிச்சு, அப்புறம் பாடி சீம் சீலர் வச்சு விரலால இழுத்து விடணும். பட்டி போட்டு மூடக் கூடாது, வெயில்ல தகரம் விரியறப்ப பட்டி திரும்ப விரிசல் விடும்.

டச்சப் அடிக்கறதுக்கு முன்னாடி ஒரு சோதனை. டிக்கிக்குள்ள தெரியாத இடத்துல பஞ்சுல தின்னர் நனைச்சுத் தேயுங்க. பஞ்சுல கலர் கரைஞ்சு வந்தா அது என்.சி. பெயின்ட் (நைட்ரோசெல்லுலோஸ், தின்னர்ல கரையற பழைய வகை). அதுமேல நேரா பி.யூ. (பாலியூரித்தேன் பெயின்ட்) அடிச்சா பழைய பெயின்ட் சுருங்கி எழும்பிக்கலாம், நடுவுல அதுக்கேத்த பிரைமர் வேணும். கலருக்கு வெளித்தோலைப் பார்க்காதீங்க, நாப்பது வருஷ வெயில் அதை மாத்தியிருக்கும். கதவு அட்டைக்கு அடியில வெயிலே படாத இடம் இருக்குல்ல, அங்க ரப்பிங் காம்பவுண்டு (பெயின்ட்டைப் பாலிஷ் பண்ற பசை) போட்டுத் தேச்சா 1978-ல இருந்த கலர் தெரியும். அதைக் காட்டிக் கலக்கச் சொல்லுங்க. வேற கலர் அடிக்கற எண்ணம் இருந்தா ஆர்.சி.யிலயும் மாத்தணும், ஞாபகம் வச்சுக்கோங்க.

குடந்தைப் பெண்:
வேற கலரா? அம்மா வீட்டுக்குள்ளயே விட மாட்டாங்க தம்பி. அட்டைக்கு அடியில பார்த்தேன். நாங்க இத்தனை நாள் அழுக்கு வெள்ளைன்னு நினைச்சது நல்ல பாலாடை நிறம். அம்மாவைக் கூட்டிட்டு வந்து காட்டினேன். "இதுதான், இதுதான்"னு கையை வச்சுக்கிட்டே நின்னாங்க.

அடுத்து சீட்டு. இங்க ஒருத்தர் ஸ்பிரிங் எல்லாம் தூக்கிப் போட்டுட்டு முழுசா ஃபோம் போடலாம்னு சொல்றார். செய்யலாமா?

கோவை குஷன்காரர்:
வேண்டவே வேண்டாம்ங்க. அந்த முன்சீட்டோட உட்காருற தன்மையே ஸ்பிரிங்லதான் இருக்கு. வெறும் ஃபோம் போட்டா முதல் மாசம் உசரமா உட்காருவீங்க, ரெண்டாவது வருசம் குழி விழுந்துரும், வெயில்ல சூடு வேற. ரெக்ஸினைப் பிரிச்சுப் பாருங்க, அடியில சாக்கு, தேங்காய் நார், அதுக்கடியில ஸ்பிரிங் இருக்கும். குத்துற இடத்துல ஒண்ணோ ரெண்டோ ஸ்பிரிங் கட்டு அறுந்து சாஞ்சிருக்கும், அவ்வளவுதான். ஸ்பிரிங்கைக் கழுவி, துரு நீக்கி, பிரைமர் அடிச்சு, அறுந்ததை மட்டும் சணல் கயித்தால குறுக்கும் நெடுக்குமா கட்டிருங்க. மேல புதுச் சாக்கு, ஒரு இஞ்ச் ரப்பரைஸ்டு காயர் ஷீட் (ரப்பர் கலந்த தேங்காய் நார்), அதுக்கு மேல அரை இஞ்ச் ஃபோம். ஃபோம் அதுக்கு மேல போகக் கூடாது.

பழைய ரெக்ஸினைத் தூக்கிப் போடாதீங்க. தையலைப் பிளேடால பிரிச்சு ஒவ்வொரு துண்டுலயும் பென்சில்ல நம்பர் போடுங்க. அதுதான் உங்க அளவு. கோடு கோடாத் தைச்சிருக்கிற இடைவெளியை ஸ்கேல்ல அளந்து எழுதி வைங்க. அந்த இடைவெளி கால் இஞ்ச் மாறினாலும் பார்க்கிறவங்களுக்கு ஏதோ தப்புன்னு தோணும், என்னன்னு சொல்லத் தெரியாது. தையல் நூல் நைலான்ல கேளுங்க, பருத்தி நூல் வேர்வைக்கு நிக்காது.

கூரைத் துணிக்கு ஒரு வார்த்தை. முன்னாடி பின்னாடி கண்ணாடியை எடுத்தாத்தான் ஓரத்தை ஒழுங்கா ரப்பருக்கு அடியில மடிச்சு ஒட்ட முடியும். கூரைக்குக் குறுக்க போற கம்பி ஒவ்வொண்ணும் ஒவ்வொரு வளைவு. கழட்டினதும் முன்னாடியிருந்து 1, 2, 3-ன்னு டேப் ஒட்டிருங்க. இதை விட்டுட்டு ரெண்டு நாள் அலைஞ்சிருக்கேன். வேலையை நல்ல வெயில்ல பண்ணுங்க, ரெக்ஸின் இளகி இருக்கும், இழுத்தா சுருக்கம் போயிரும். பசை சூட்டைத் தாங்கறதா வாங்குங்க, இல்லாட்டி சித்திரையில தொங்கிரும்.

பழைய பியட், சென்னை:
கண்ணாடியைத் திரும்ப மாட்டறது இப்படி. ரப்பரை முதல்ல கண்ணாடியைச் சுத்தி மாட்டிட்டு, அதோட வெளிப் பள்ளத்துல சுத்தி வர ஒரு நைலான் கயிறு வைங்க, ரெண்டு நுனியும் கீழே நடுவுல வண்டிக்குள்ள வரணும். சோப்புத் தண்ணி தடவி, ஒருத்தர் வெளியேருந்து உள்ளங்கையால அழுத்த, இன்னொருத்தர் உள்ளேருந்து கயித்தை இழுத்துக்கிட்டே வந்தா ரப்பர் உதடு தகரத்தைத் தாண்டி உள்ள வந்து உட்காரும். அவசரப்பட்டு முஷ்டியால தட்டிடாதீங்க.

மாட்டுங்கா தமிழன்:
மும்பையிலிருந்து. இந்த வண்டி பிறந்த ஊர் எங்க குர்லாதான். 1964-ல பியட் 1100 டிலைட்டாக ஆரம்பிச்சு, 1974-ல பத்மினின்னு பேர் வந்தது. ஒரு காலத்துல இங்க கறுப்பு மஞ்சள் டாக்ஸியெல்லாம் இதுதானே. கடைசி டாக்ஸி 2003 அக்டோபர் 29 அன்னிக்கு தார்தேவ் ஆர்.டி.ஓ.வில் பதிவாச்சு, இருபது வருஷ வரம்பு முடிஞ்சு 2023 அக்டோபர் 30-லிருந்து ரோட்டில் இல்லை. அந்த நாளில் நானும் தெருவில் நின்று பார்த்தேன், மனசு கேட்கவில்லை.

குர்லா சி.எஸ்.டி. ரோட்டில் பழைய சாமான் இன்னும் கிடைக்குது. ஆனால் டாக்ஸியிலிருந்து வந்த உள் சாமானை நம்பாதீங்க, சீட்டிலிருந்து கூரை வரைக்கும் டிரைவர்கள் அவங்க விருப்பத்துக்கு மாத்தியிருப்பாங்க. கைப்பிடி, கண்ணாடி ஏத்துற ஹேண்டில், பூட்டு மாதிரி உலோகச் சாமானுக்கு மட்டும் தேடலாம். உங்க பழைய சாமானைப் படத்தோட அளவும் போட்டு அனுப்பினால் போய்ப் பார்க்கிறேன்.

மதுரை பெயின்டர்:
பம்பருக்கு: எல்லாத்தையும் பிளேட்டிங் கடைக்குத் தூக்கிட்டுப் போகாதீங்க அக்கா. முதல்ல அலுமினியம் ஃபாயிலைக் கசக்கி, தண்ணியில நனைச்சு, புள்ளித் துரு மேல மெதுவாத் தேயுங்க. குரோமை விட அலுமினியம் மெத்துனு இருக்கும், கீறாது. மேலோட்டமான துரு போயிடும். குழி விழுந்து தகரம் தெரிஞ்சா மட்டும் பிளேட்டிங். அப்ப செம்பு, நிக்கல், குரோம் மூணும் உண்டான்னு கேட்டுட்டுக் குடுங்க. செம்பு, நிக்கலைச் சுருக்கினா அடுத்த மழையில துரு வந்துடும்.

கதவுக் கைப்பிடி, எழுத்துப் பட்டை மாதிரி மசாக் (அச்சுல வார்த்த துத்தநாகக் கலவை) சாமான் இருந்தா தனியாச் சொல்லிக் குடுங்க. இரும்புக்குப் போடற ஆசிட்ல அதை முக்கினா அரிச்சுடும். பஃப் போடறவர்கிட்ட (மெஷின்ல தேச்சுப் பளபளப்பாக்கறவர்) எழுத்தோட விளிம்பைத் தேச்சுடாதீங்கன்னும் சொல்லணும்.

குடந்தைப் பெண்:
மூணு மாசம் கழிச்சு வர்றேன், மன்னிக்கணும்.

வாய்க்கால் மடிப்பு சீலர் வச்சாச்சு. கார்த்திகை மழை முழுக்க வெளியிலேயே நிறுத்திப் பார்த்தோம், உள்ள பேப்பர் விரிச்சு வச்சு. ஒரு துளி ஈரம் இல்லை. அப்புறம்தான் ரெக்ஸின் வாங்கினோம். கதவு அட்டை நாலும் ஷீட்டோட புதுசு. கூரைத் துணி தம்பியும் ஒரு குஷன்காரரும் சேர்ந்து மத்தியானம் பன்னெண்டு மணி வெயில்ல போட்டாங்க, ஒரு சுருக்கம் இல்லை. சீட்டுல ஒரே ஒரு ஸ்பிரிங்தான் சாஞ்சிருந்துச்சு! பம்பர் ஃபாயில்லயே வந்துடுச்சு, முன் பம்பரோட ஒரு முனைக்கு மட்டும் பிளேட்டிங்.

ஒண்ணு மட்டும் மாத்தல. டிரைவர் கதவுல கை வைக்கிற இடம். அதுல முழங்கை பட்டுப் பட்டு ரெக்ஸினோட புள்ளி அச்செல்லாம் தேஞ்சு வழவழன்னு ஒரு உள்ளங்கை அகலத்துக்கு இருக்கு. குஷன்காரர் புதுசு தைச்சே கொண்டு வந்தார். கிழிசல் இல்லையே, வேண்டாம்னு சொல்லிட்டேன். லேசான சோப்புத் தண்ணித் துணியால துடைச்சுப் பழையதையே மாட்டினோம். புதுக் கதவுல அது மட்டும் நிறம் மங்கித் தெரியுது. இருக்கட்டும்.

தை மூணாம் தேதி கோயிலுக்குப் போயிட்டு வந்தோம். அம்மா முன்சீட்டுல. போகும்போது ஒண்ணும் பேசல. திரும்பி வரும்போது தம்பிகிட்ட, "உங்கப்பா இந்தத் திருப்பத்துல ஹாரன் அடிப்பார், அடி"ன்னாங்க.

மாட்டுங்கா அண்ணாவுக்கு: இடது பக்க முன் முக்கோணக் கண்ணாடியோட பூட்டு உடைஞ்சு போச்சு, இன்னும் கிடைக்கல. அளவு எடுத்துப் படம் அனுப்பறேன். அடுத்த தடவை குர்லா பக்கம் போனா பாருங்க.

மாட்டுங்கா தமிழன்:
அனுப்புங்க அம்மா. ஞாயிற்றுக்கிழமை போறேன். இடது பக்கம்தானே, உறுதியா? வலதும் இடதும் ஒண்ணு மாதிரியே இருக்கும், மாட்டும்போதுதான் தெரியும்.

குடந்தைப் பெண்:
இடதுதான் அண்ணா. உடைஞ்ச துண்டையும் பக்கத்துல வச்சுப் படம் எடுக்கறேன்.